தயவுசெய்து மேசையிலேயே விடுங்கள்

நூலக வேலை என்றால் சத்தமில்லாத வேலை என்று ஊரே சொல்லும். அங்கே வேலை பார்க்கிறவளின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் இதுவரை யார் காதிலும் விழுந்ததில்லை.

என் பெயர் மல்லிகா. பினாங்கில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் நான்காவது மாடியைப் பார்த்துக்கொள்கிறவள். ஆயர் ஈத்தாம் ப்ளாட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறேன். தமிழ்ப் புத்தகங்கள், பழைய சரித்திர நூல்கள், இந்த நாட்டில் நம் ஆட்கள் போட்ட கோயில் மலர், பள்ளி மலர், சங்க மலர், வந்த வேகத்தில் நின்றுபோன பத்திரிகைகள் எல்லாம் என் மாடியில்தான் இருக்கின்றன. பயம் எனக்குப் பிறவிக் குணம். பல்லி கத்தினாலே யாருக்கு என்ன ஆச்சோ என்று போன் போடுகிற ரகம். அப்படிப்பட்டவளைப் பார்த்து, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாம் போன்லயே வந்துருச்சே, உங்க வேலை இன்னும் இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். உங்களையும் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கூட்டம்.

அளவெடுக்க வந்தவர்

போன செமஸ்டர் தொடங்கிய நேரம். காலையில் மாடிக்கு வந்து விளக்கைப் போட்டால், ரேக்குகளுக்கு நடுவில் ஒருவர் நிற்கிறார். கையில் சின்னதாக ஒரு கருவி. அதிலிருந்து சிவப்புப் புள்ளி ஒன்று எதிர்ச் சுவரில் போய் விழுகிறது. ஏர்கோன் ரிப்பேர் ஆள் என்று நினைத்து, "நல்ல வேளை வந்தீங்க தம்பி, அந்த மூலையில தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு" என்றேன். அவர் சிரித்தார். பெயர் குணா, வீடு புக்கிட் மெர்தாஜாமில் என்றார். பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்தபோது அவருடைய கால், கீழ்த்தட்டில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கோயில் மலர்மேல் பட்டுவிட்டது. மனுஷன் பதறிப்போனார். குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அட, நம்ம பிள்ளை என்று எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நாற்காலிகளை நகர்த்தி வழிவிட்டேன். கருவி எட்டாத மூலைக்கு அளவு நாடாவின் நுனியைப் பிடித்துக் கொடுத்ததும் சாட்சாத் நான்தான். எல்லாம் முடிந்த பிறகுதான், "ஆமா, என்னத்துக்குத் தம்பி இந்த அளவு?" என்று கேட்டேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"உங்களுக்கே தெரியாதாக்கா? இந்த ரேக்கெல்லாம் தூக்கிட்டா ஹாலு ஜம்முன்னு இருக்கும்லா. கார்பெட்டு சாம்பலா நீலமான்னு மட்டும்தான் இன்னும் சொல்லல."

பீப்

நேரே என் மேலதிகாரி மிஸ்டர் லிம்மின் அறைக்கு ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படிக்கட்டிலேயே இறங்கினேன். மிஸ்டர் லிம் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு நான் கொண்டுபோகும் முறுக்கை வெட்கமில்லாமல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர். என்னோடு மலாயில்தான் பேசுவார். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். முன்பெல்லாம் இரவல் போகிற புத்தகத்துக்கு மட்டும்தான் கணக்கு. என் மாடியிலோ பாதிக்கு மேல் வெளியே கொடுக்கக் கூடாத பழைய சரக்கு. அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அதற்காகப் புதிதாக ஓர் ஏற்பாடு வந்தது. படித்தவர்கள் புத்தகத்தை மேசையிலேயே விட்டுப் போவார்கள். மாலையில் நான் கைக்கருவியை அதன் பட்டைக்கோட்டில் காட்டினால் 'பீப்' என்னும். ஒரு பீப் என்றால் ஒருவர் படித்திருக்கிறார் என்று கணக்கு. அதன் பிறகுதான் புத்தகம் அலமாரிக்குப் போக வேண்டும். மற்ற மாடிகளில் பீப் பீப் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. என் மாடியில் சத்தமே இல்லை. செமஸ்டர் முடிவில் ஒரு குழு கூடி முடிவெடுக்கும். இப்படியே போனால் புத்தகங்கள் கடல்பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கும் கிடங்குக்குப் போகும், மாடி கணினிக் கூடம் ஆகும்.

"அப்ப நான்?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"மல்லிகா, நான் புத்தகத்துக்கு எதிரி இல்லை. உங்க மாடிக்கு யாருமே வர்றதில்லைன்னு மெஷின் சொல்லுது. மெஷினோட நான் எப்படிச் சண்டை போடறது?"

கடலுக்கு அந்தப் பக்கம்

மூன்றாவது மாடிக்கு இது முன்பே நடந்துவிட்டது. அங்கே இப்போது நீலம், மஞ்சள், பச்சை என்று மெத்தைப் பைகள் கிடக்கின்றன. பிள்ளைகள் அதில் புதைந்து உட்கார்ந்து போனைத் தடவுகிறார்கள், தூங்குகிறார்கள். தூங்கட்டும், நான் குறை சொல்லவில்லை. வாடகை அறையில் ஏர்கோன் இல்லாத பிள்ளைகள். ஆனால் அந்த மாடியைப் பார்த்துக்கொண்டிருந்த சேகரை, புத்தகங்களோடு சேர்த்தே கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை புக்கிட் மெர்தாஜாமில் கோயிலுக்குப் போனபோது வீட்டுக்காரரை நச்சரித்துக் கிடங்குப் பக்கம் காடியைத் திருப்பச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

தகரக் கூரை. ஒரு ஜன்னல் கிடையாது. கூரையைத் தொடுகிற மாதிரி அட்டைப்பெட்டிகள். நடுவில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, பால் ஊற்றாமல் ஆறிப்போன ஒரு கோப்பை தே ஓ, அதன் பின்னால் சேகர். எந்நேரமும் வாய் ஓயாத பையன், என்னைப் பார்த்ததும் ஒரே ஒரு 'வாங்கக்கா'வோடு எழுந்து நின்றான். யாராவது புத்தகம் கேட்கிறார்களா என்றேன். ஆரம்பத்தில் கேட்டார்களாம். வந்து சேர நாளாகும் என்றதும் கேட்பதை விட்டுவிட்டார்களாம். எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று கேட்டதற்கு அவன் பக்கத்துப் பெட்டியைத் திருப்பிக் காட்டினான், அதில் எதுவுமே எழுதியிருக்கவில்லை. பாலத்தில் திரும்பி வரும்போது கடலைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் இதைத் தாண்டிப் போய் அந்த இருட்டில் உட்காரப்போகிற அடுத்த ஆள் நான்தான் என்று தோன்றியது. அவன் சொன்னதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நான் இங்க புத்தகத்தப் பாத்துக்கலக்கா, பெட்டியப் பாத்துக்கறேன்."

மின்நூலுக்கும் வரிசை

கணினியில் எல்லாம் இருக்கிறது என்கிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு பையன் மூச்சிரைக்க என் மாடிக்கு வந்தான். ஒரு சரித்திர நூல் வேண்டுமாம். எங்கள் நூலகத்தில் அது மின்நூலாகவே இருக்கிறதே என்றேன். அதுதான் தொல்லை என்றான். நாங்கள் வாங்கியிருக்கிற உரிமை ஒரு நேரத்தில் ஒருவர் படிப்பதற்கு மட்டும். எவனோ அதைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டான் போலிருக்கிறது. இவனுடைய திரையில் 'காத்திருக்கவும்' என்று வந்து நிற்கிறது. அலமாரியிலிருந்து அச்சுப் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். அவன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான், ஏதோ அதிசயம் மாதிரி.

மறு வாரம் அந்த மின்நூல் மட்டுமில்லை, அது இருந்த தொகுப்பே காணோம். சந்தா முடிந்துவிட்டதாம். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. ஒரு பெட்டிகூட மிச்சமில்லை. சேகருக்காவது பெட்டி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பையன் அன்று புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகும்போது கேட்டான்:

"ஏன்க்கா, கண்ணால பாக்க முடியாத புத்தகத்துக்கும் முன்னால ஆள் நிப்பாங்களா?"

எடுத்த இடம்

இப்போது என் மாடியின் மர்மத்துக்கு வருகிறேன். மெஷின் யாரும் வரவில்லை என்கிறது. என் கண்ணுக்கோ தினமும் ஆட்கள் தெரிகிறார்கள். முதலாவது, ராஜசிங்கம் அங்கிள். யாழ்ப்பாண வம்சம், பிறந்து வளர்ந்தது இங்கேதான். அரசாங்கத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். முழுக்கைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை. பழைய மாணவர் அட்டையைக் காட்டிவிட்டு வந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் படிப்பார். அடுத்தது ஷாலினி, முதுகலை மாணவி. பினாங்குத் தமிழ்ப் பெண்கள் அந்தக் காலத்தில் நடத்திய சங்கங்களைப் பற்றி ஆய்வு செய்கிறாள். அவளுக்கு வேண்டிய சங்க மலர்கள் என் மாடியைத் தவிர வேறெங்கும் இல்லை, இணையத்திலும் இல்லை. இவர்களைத் தவிர மாலையில் வருகிற ஏழெட்டுப் பிள்ளைகள். இத்தனை பேர் படிக்கிறார்கள், பீப் மட்டும் ஏன் இல்லை?

ஒரு நாள் மாலை தள்ளுவண்டியோடு நின்று கவனித்தேன். அங்கிள் எழுந்தார். பத்திரிகைக் கட்டை எடுத்துக்கொண்டு போய், அலமாரியில் அதே இடத்தில் செருகி, விரலால் தட்டி வரிசையாக்கினார். ஷாலினியும் அப்படியே செய்தாள். பின்னாலேயே மற்ற பிள்ளைகளும். மேசையைத் துடைத்து, நாற்காலியைக்கூடச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனார்கள். தமிழ்ப்பள்ளியில் வாத்தியார் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்த பழக்கம். இத்தனை நாளாக என் வேலையைக் குறைக்கிறார்களே, நல்ல பிள்ளைகள் என்று நான் உச்சி குளிர்ந்திருக்கிறேன். மற்ற மாடிகளில் குப்பையாகப் போட்டுவிட்டுப் போகிறவர்களெல்லாம் வாசகர்கள், என் மாடியில் ஒழுங்காக அடுக்கி வைக்கிறவர்கள் கணக்கிலேயே இல்லை. தலையில் அடித்துக்கொண்டு அங்கிளிடம் ஓடினேன். மேசையிலேயே விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னை, திருடச் சொல்லிக் கேட்டவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"என்ன கதை இது பிள்ளை? எடுத்த சாமானை எடுத்த இடத்தில வைக்கிறதுதானே மனிசத்தனம்!"

பரிடாவின் வைத்தியம்

கீழ்த்தளக் கவுண்டரில் இருக்கும் பரிடா என் தோழி. மலாய்க்காரி, நல்ல மனசு, பயம் என்றால் என்னவென்றே தெரியாதவள். நான் அழாத குறையாகச் சொன்னதைக் கேட்டு "அலாமாக், இதுக்கா?" என்றாள். கருவியை எடு, கண்ணில் பட்ட புத்தகத்தையெல்லாம் பீப் பண்ணு, முடிந்தது என்றாள். என்னால் முடியாது. பொய் பீப்பும் நிஜ பீப்பும் ஒரே சத்தம்தான், ஆனால் என் மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடும். மாட்டிக்கொண்டால் மாடியும் போகும், மானமும் போகும். சரி, பீப் வேண்டாம், ஆள் கணக்கையாவது ஏற்றுவோம் என்று மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மேலே வந்தாள். எங்கள் கண்ணாடிக் கதவில் உள்ளே வருகிறவர்களை எண்ணுகிற கருவி ஒன்று இருக்கிறது; தினமும் வருகிற பத்துப் பேரை அது எண்ணினாலும், மற்ற மாடிகளின் கூட்டத்துக்கு முன்னால் அது ஒரு கணக்கே இல்லை. அவள் அதைத் தாண்டி உள்ளே வந்தாள், வெளியே போனாள், மறுபடி உள்ளே வந்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "போதும்டி, போதும்டி" என்று தமிழிலேயே கத்திக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் திறந்தது. வாசலில் இருக்கும் காவலர் அவசர அவசரமாக வந்தார். கேமராவில் பார்த்துவிட்டார்! என் உயிர் பாதி போய்விட்டது. அவர் பரிடாவின் பக்கம் போய், 'காக்', அதாவது அக்கா, என்று மரியாதையாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"காக், வயிறு சரியில்லையா? அப்போலேர்ந்து போறீங்க, வர்றீங்க. கிளினிக்குக்கு வண்டி கூப்பிடவா?"

மேசைப் பாடம்

குறுக்கு வழி உதவாது என்று ஆன பிறகு, நேர் வழிக்கு வந்தேன். தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு மேசையிலும் ஒட்டினேன்: 'புத்தகத்தைத் திரும்ப அடுக்க வேண்டாம். தயவுசெய்து மேசையிலேயே விடுங்கள்.' நம்புவீர்களோ மாட்டீர்களோ, குப்பை போடாதே என்று சொல்லிக் கேட்க வைப்பது சுலபம். குப்பை போடு என்று சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும். ஷாலினி முதல் நாள் புத்தகங்களை மேசையில் விட்டுவிட்டு, கதவுவரை போய், யாரும் பார்க்காத நேரம் பார்த்துத் திரும்பி வந்து அடுக்கப் போனாள். கையும் களவுமாகப் பிடித்தேன். அங்கிள் லிஃப்டில் ஏறிக் கீழே போனவர், அதே லிஃப்டில் மேலே வந்தார். மேசையில் புத்தகம் அப்படிக் கிடக்கும்போது இரவு நித்திரை வராதாம். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மேசையிலேயே விடுவார், ஆனால் ஓரம் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித்தான் விடுவார்.

மெல்ல மெல்ல வழிக்கு வந்தார்கள். மாலையில் தள்ளுவண்டி நிறைந்தது. பீப், பீப், பீப். ஆகா, எனக்கு அது கோயில் மணிச் சத்தம் மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போனால் சோறு இறங்கியது, தூக்கம் வந்தது. மிஸ்டர் லிம் கணக்கைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். ஏறியிருக்கிறது, ஆனால் இது மட்டும் போதாது, முடிவெடுப்பதற்கு முன்பு குழு நேரிலேயே வந்து பார்க்கப்போகிறது, அவர்கள் கண்ணில் ஆட்கள் பட வேண்டும் என்றார். அங்கிளிடம் நன்றி சொன்னேன். அவருக்கு அதில் துளியும் சந்தோஷமில்லை, இறந்துபோன மனைவியைப் பேச்சில் இழுத்தார்.

"என்ர மனிசி உயிரோட இருந்திருந்தா, இப்பிடிப் பரத்திப் போட்டிட்டு வாற ஆளை வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டா."

பதினொரு மணி

குழு வருவது புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு. முந்தின நாள் மாலை நான் வேண்டுமென்றே ஒரு புத்தகத்தையும் அடுக்கவில்லை, பீப்பும் செய்யவில்லை. அப்படியே கிடக்கட்டும், வருகிறவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன் கூட்டாளிகளையெல்லாம் கூட்டி வா என்று ஷாலினியிடம் சொல்லியிருந்தேன். பிள்ளை சொன்னபடி செய்தாள். பத்தரை மணிக்கு என் மாடியைப் பார்க்க வேண்டுமே! நாற்காலி காலியில்லை. மேசையெல்லாம் புத்தகம். நடுவில் அங்கிள், டை கட்டிக்கொண்டு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பெரிய ஆளுங்க வர்றாங்க, பாத்துக்குங்க" என்று ஷாலினியிடம் சொல்லிவிட்டு, அவர்களைக் கூட்டி வரக் கீழே போனேன்.

குழுவின் தலைவி ஒரு பேராசிரியை. கீழ்த்தளத்தில் புதுத் திரைகளைப் பார்த்து நின்றார், மூன்றாவது மாடியில் மெத்தைப் பைகளைப் பார்த்து நின்றார். எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஒரு வழியாக நான்காவது மாடியில் லிஃப்ட் திறந்தது. மாடியில் ஒருவர்கூட இல்லை. மேசைகளில் ஒரு தாள்கூட இல்லை. நாற்காலிகள் எல்லாம் உள்ளே தள்ளி, நூல் பிடித்த மாதிரி நிற்கின்றன. நான் ஒட்டியிருந்த அறிவிப்புகளைக்கூட உரித்துவிட்டார்கள். மிஸ்டர் லிம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "இருந்தாங்க, இப்பத்தான் எல்லாரும் இருந்தாங்க" என்று மலாயில் உளறினேன். தலைவி மேசையில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். தூசி இல்லை. என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ரொம்பச் சுத்தமா வெச்சிருக்கீங்க. யாரும் தொடறதே இல்லைன்னு நல்லாத் தெரியுது."

படிக்கட்டு

அவர்களை ஏற்றிக்கொண்டு லிஃப்ட் மூடிய பிறகு, அவசரக் கதவுக்குப் பின்னாலிருந்து யாரோ தும்மினார்கள். போய்த் திறந்தேன். படிக்கட்டில், மேலிருந்து கீழ்வரை, அத்தனை பேரும் நிற்கிறார்கள். பைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சத்தம் வராமல் இருக்கச் சிலர் செருப்பைக்கூடக் கையில் பிடித்துக்கொண்டு! அங்கிள் உதட்டின்மேல் விரலை வைத்திருந்தார். என்ன காரியம் பண்ணினீர்கள் என்று கேட்டேன். ஷாலினிதான் கிசுகிசுத்தாள். "தமிழாளுங்க இருக்கற இடம்னா இப்படித்தான் குப்பையா இருக்கும்னு சொல்லிடுவாங்களோன்னு பயமா போச்சுக்கா. கடகடன்னு எல்லாத்தையும் எடுத்து அடுக்கிட்டோம்." பெரியவர்கள் நின்று பேசும்போது நடுவில் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று அங்கிள்தான் எல்லாரையும் படிக்கட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் காதைத் திருக வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழ வேண்டும் போலவும் இருந்தது. எல்லாக் கண்களும் என்னையே பார்த்தன. பயந்தது நான் மட்டும் இல்லை, இவர்களும் இத்தனை நாளும் என்னோடு சேர்ந்து பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அக்கா, நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்களா?" என்று ஷாலினி கேட்டாள். ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னார்கள் என்றேன். அதுவரைக்கும் உண்மைதானே. அங்கிளின் முகம் மலர்ந்துவிட்டது. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களே, நான் சொன்னனான்தானே! இடம் சுத்தமா இருந்தாலே வாறவைக்கு ஒரு மதிப்பு வரும்."

சாம்பல்

நடந்ததை மிஸ்டர் லிம்மிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டு, குழுவுக்கு விளக்கம் எழுதிப் பார்த்தார். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. அதே வாரம் அட்டைப்பெட்டிகளும் வந்தன. ஷாலினி இப்போது விடிந்ததும் வந்துவிடுகிறாள். சங்க மலர்களை ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுக்கிறாள். பாதிகூட முடியவில்லை. அங்கிளிடம் யார் விஷயத்தைச் சொன்னார்களோ தெரியாது. ஒரு நாள் முழுக்கப் பத்திரிகையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது முதல் முறையாக அதை மேசையில் விரித்தபடி விட்டுவிட்டுப் போனார். அதைப் பீப் செய்தேன். அந்தச் சத்தத்தை இனிமேல் யாரும் எண்ணப்போவதில்லை என்று தெரிந்தும் செய்தேன். எனக்கு எங்கே மாற்றல் என்று இன்னும் சொல்லவில்லை. லிஃப்ட் திறக்கிற சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுகிறேன்.

நேற்றுத் திறந்தபோது வந்தவர் குணா. என்னைப் பார்த்துச் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். புத்தகங்களைப் பெட்டியில் போடுகிற வேலையும் அவர் தலையில்தானாம். கீழ்த்தட்டிலிருந்து அந்தக் கோயில் மலரை எடுத்தார், தூசியைத் தட்டினார், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், பெட்டிக்குள் நேராக வைத்தார்.

"மனசே வரலக்கா... சாம்பல் கலர்தான் முடிவாயிருக்கு."

புத்தகத்துக்கு மரியாதை கொடுப்பது எப்படியென்று எங்கள் ஆட்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்: படித்த சுவடு தெரியாமல் படித்தோம், மூச்சுச் சத்தம் கேட்காமல் ஒதுங்கி நின்றோம், கடைசியில் கண்ணில் ஒற்றிப் பெட்டியில் வைத்தோம்.